மண்டபத் திரைக்குத் தெளிப்பு மருந்து போதுமா?

கேள்வி: கல்யாண மண்டபங்களுக்குப் பாலியெஸ்டர் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறோம். ஒரு மண்டபக்காரர் தீப்பிடிக்காத துணிதான் வேண்டும் என்கிறார். கடையில் ஒரு மருந்து தருகிறார்கள், தெளித்துக் காயவைத்தால் போதுமாம். நம்பலாமா?
- வாசகி, சென்னிமலை

பதில்: நம்பாதீங்க அம்மிணி. அந்த மாதிரி மருந்து பெரும்பாலும் தண்ணீரில் கரைகிற உப்புதான். அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் வகையறா. பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தண்ணீரே குடிக்காத இழை, உப்பு மேலாகப் பொடிபோல நிற்கும். ஒரு தடவை அலசினால் போச்சு.

அப்புறம், தீயே பிடிக்காத பாலியெஸ்டர் என்று ஒன்று கிடையாது. நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்துவிடுகிற பாலியெஸ்டர் உண்டு. மண்டபக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள், பின்னால் பேச்சு வராது.

இதில் இரண்டு வழி. மில்லில் பாலிமர் காய்ச்சும்போதே பாஸ்பரஸ் சேர்த்து இழுத்த நூல் ஒன்று. அது துவைத்தாலும் போகாது. இல்லையென்றால், நெய்த துணியைப் பாஸ்பரஸ் கரைசலில் முக்கிப் பிழிந்து, ஸ்டென்டரில், அதாவது துணியை விரித்துப் பிடித்துச் சூடேற்றும் மிஷினில், 190, 200 டிகிரி சூட்டில் ஓட்டி, மருந்தை இழைக்குள் இறக்க வேண்டும். சூடு குறைந்தால் மருந்து வெளியிலேயே நின்றுவிடும். திரைக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

ஆனால் நல்ல துணியையும் கெடுக்கலாம். ஸ்டென்டரில் நான் நின்ற காலத்தில், சோதனையில் தேறிய துணியைப் பார்ட்டி தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் மெத்தென்று வேண்டும் என்றார். சிலிக்கான் சாஃப்ட்னர் ஏறியது. அடுத்த பிட்டில் தீ விறுவிறுவென மேலே ஏறிவிட்டது. காரணம் இருக்கிறது. பாலியெஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகிச் சுருங்கி, நெருப்பைவிட்டு விலகித்தான் தப்பிக்கிறது. சிலிக்கான் எரிந்து மிஞ்சும் சாம்பல் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உருகிய பாலியெஸ்டர் விளக்கெண்ணெய் என்றால் அந்தச் சாம்பல் திரி. பருத்தி லைனிங்கும் பருத்தித் தையல் நூலும் இதே வேலையைத்தான் செய்யும். பாலியெஸ்டர்-காட்டன் கலப்புத் துணி தனிப் பாலியெஸ்டரைவிட மோசமாக எரிவதும் இதனால்தான். எனவே நூலும் லைனிங்கும் எஃப்.ஆர். பாலியெஸ்டராகவே, அதாவது தானாக அணைகிற வகையாகவே இருக்கட்டும், சாஃப்ட்னரே வேண்டாம் என்று பினிஷிங்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. வெளியே மண் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, நீளமான துண்டை இடுக்கியில் தொங்கவிட்டு, அடி விளிம்பில் 12 விநாடி லைட்டர் காட்டுங்கள். கீழே கொஞ்சம் பஞ்சு போட்டு வையுங்கள். நெருப்பை எடுத்ததும் துணி அணைகிறதா, விழுகிற சொட்டு பஞ்சைப் பற்றவைக்கிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். மண்டபத்தில் அந்தச் சொட்டு விழப்போவது பவானி ஜமக்காளத்தின் மேல். அதே துணியை ஐந்தாறு தடவை துவைத்துவிட்டுத் திரும்பவும் காட்டுங்கள். இது உங்கள் திருப்திக்குத்தான். மண்டபக்காரருக்குச் சோதனைக்கூடச் சான்றிதழ் கொடுங்கள், அதில் சலவைக்குப் பிந்தைய முடிவும் இருக்க வேண்டும்.

விலை கூடத்தான் செய்யும். அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.