உடைந்த ஈரல்

அன்புள்ள ஐயா,

பர்மாவின் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். காலேஜில் படிக்கும் என் பேத்தி போன வாரம் அழுதுகொண்டே வந்து, "தாத்தா, என் ஈரல் உடைஞ்சு போச்சு" என்றாள். ஈரல் இல்லை, நெஞ்சு என்று திருத்தினேன். ஈரலுக்குப் பர்மியர் சொல்லும் 'அத்தெ', நம் 'அகத்தே'யிலிருந்து போனதுதான் என்கிறார் நண்பர் ஒருவர். சரியா? பிள்ளைகளின் தமிழைக் காப்பாற்ற என்ன வழி?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

தமிழைக் காப்பாற்றுவதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் அந்த 'அகத்தே'. இந்த மாதிரி ஆராய்ச்சி இப்போது கோயில் அன்னதானப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது, எனக்குச் சோறு இறங்க மாட்டேனென்கிறது. பர்மிய மொழியில் முன்னால் நிற்கும் 'அ' வெறும் ஒட்டு. சதை 'அத்தா', எலும்பு 'அயோ', ஈரல் 'அத்தெ'. வேறு சொல்லுக்குப் பின்னால் சேர்ந்தால் அந்த 'அ' பெரும்பாலும் கழன்றுவிடும். கோழிக்கறிக்கு என்ன சொல்கிறோம்? 'செத்தா'. தினமும் பஜாரில் அதைக் கேட்டு வாங்குகிற உங்களுக்கே இது படவில்லையா? கழன்று போகிற எழுத்தின் மேல் 'அகத்தே'யைக் கட்டினால் எப்படி நிற்கும்? காதுக்கு ஒத்தாலே உறவு என்றால் நம் அத்தையும் ஈரல்தான். நிஜ உறவு காதுக்குச் சட்டென்று பிடிபடாது; வடமொழி 'யக்ருத்', பாரசீக 'ஜிகர்', லத்தீன் 'யேகுர்' மூன்றும் ஒரே வேர், மூன்றும் ஈரல். பிரெஞ்சுக்காரன் அதையும் விட்டுவிட்டான். அத்திப்பழம் கொடுத்துக் கொழுக்கவைத்த பிராணியின் ஈரலை லத்தீனில் 'யேகுர் ஃபிகாத்தும்' என்றார்கள், நாளாவட்டத்தில் ஈரல் போய் அத்தி மட்டும் நின்று 'ஃபுவா' ஆயிற்று.

ஈரலில் மனசை வைத்தது பர்மியர் மட்டுமா? மலாய்க்காரருக்கு 'ஹத்தி' ஈரல், அதுவே மனசும். நாம் மட்டும் என்ன? 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அன்று, அம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டு, அடியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துப் பாயில் பரப்பினாள். தவிடு ஒட்டிய நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, செல்லும் செல்லாது என்று பிரித்தாள். செல்லும் பக்கம் பாய்தான் தெரிந்தது. வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, "ஈரக்குலையே நடுங்குதுடா" என்றாள். நெஞ்சு என்று சொல், அம்மா என்று நாங்கள் யாரும் திருத்தவில்லை. ஈரல் நடுங்கலாம், உடையக் கூடாதா?

பேத்தி தன் சிநேகிதிகளிடம் பர்மியத்தில் 'அத்தெ குவெ', அதாவது ஈரல் உடைஞ்சு போச்சு, என்று இரண்டே சொல்லில் அழுதுவிட்டுப் போயிருப்பாள். உங்களிடம் சொல்லவேண்டும் என்றுதான், அந்த அழுகைக்கு நடுவிலும் அதைத் தமிழாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இதற்கு மேல் எந்தத் தமிழை ஐயா காப்பாற்றப் போகிறீர்கள்? அந்த நேரத்தில் போய் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறீர்களே! யார் அந்தப் பையன், என்ன ஆயிற்று, பிள்ளை சாப்பிட்டாளா, கடிதத்தில் ஒரு வரி இல்லை. நண்பரின் ஆராய்ச்சிக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது. போய் அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.