மிக்சியை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

தம்பி, வரும் ஜனவரியில் மனைவியோடு அமெரிக்காவுக்கு, இந்த மினியாபோலிஸ் ஊருக்கு வருவதாகவும், இடியாப்ப மாவு வீட்டிலேயே அரைக்க மிக்சி கொண்டு வரலாமா, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, கார் உடனே வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடும் காரும் உங்கள் ஆபீஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். மாவை மட்டும் நான் சொல்கிறேன்.

2004 ஜனவரியில் நானும் மிக்சியோடுதான் இங்கே வந்து இறங்கினேன். நம் மிக்சிக்கு 230 வோல்ட் வேண்டும், இங்கே வருவது 120. சுவிட்சைப் போட்டால் முனகியதே தவிர அரைக்கவில்லை. அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம், அம்மிக்கல் கனம். நம் ஊர் மிக்சியே இந்த மின்சாரத்தில் ஓடுகிற 110 வோல்ட் மாடலில் இங்கே விற்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அரிசி சோனா மசூரி பச்சரிசியாக இருக்கட்டும். மல்லிகை அரிசி பிசுபிசுக்கும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்புங்கள். 'நிழலில் அரை மணி' என்பார் அம்மா போனில். அது கோவில்பட்டிக் கணக்கு. ஹீட்டர் ஓடும் வீட்டில் கால் மணியிலேயே அரிசி காய்ந்து சலசலக்கும். மூன்று முறை ரவைதான் வந்தது எனக்கு. அள்ளினால் நாலு அரிசி கையில் ஒட்ட வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. அந்த ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்து, மிஞ்சிய கப்பியை அடுத்த ஈட்டில் சேருங்கள்.

கோலம் இழுக்க வருகிற பதத்துக்கு வறுக்க வேண்டும். அதற்கு முன் ஜன்னலைத் திறங்கள், வெளியே பனி கொட்டினாலும். ஒரு ராத்திரி புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். கையில் கரண்டி, முகமெல்லாம் வெள்ளைத் தூள், வாயில் வந்த ஒரே ஆங்கிலம் 'ரைஸ், ரைஸ்'.

பாக்கெட் மாவே போதும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். மூன்று தலை யானை படம் போட்ட தாய்லாந்து மாவு அவசரத்துக்கு நல்லதுதான். சிவப்பு எழுத்துதான் அரிசி மாவு, பச்சை எழுத்து ஒட்டரிசி மாவு. பச்சையில் நான் பிழிந்த இடியாப்பத்தைத் தட்டிலிருந்து சுரண்டித்தான் எடுத்தோம். ஆனால் பதினைந்து வருஷம் இருந்தும், ஊர் மாவைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து வண்டு விழ விடுகிறார்களே, அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

எங்கள் தெரு மில்லில் முந்தின ஆள் மிளகாய் அரைத்திருந்தால் அம்மா வரிசையை விட்டு நகர்ந்து நிற்பார். வேறு யாராவது கோதுமை போட்டு முடித்த பிறகுதான் நம் அரிசி உள்ளே போகும். தூக்குவாளியில் மாவு சுடச்சுட விழும். மூடாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும், மூடினால் வேர்த்துவிடும். மிக்சி மாவும் அப்படித்தான், ஆறவிட்டு மூடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இப்போது கராஜ் கதவுக்கு முட்டாக நிற்கிறது. அந்த மிக்சியைத்தான் கொண்டு வருவேன் என்றால் சொல்லுங்கள், தூக்க ஒரு ஆளோடு வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.