பால் இங்கே, கையுறை அங்கே

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். நான்கு வருடமாக மலேசியாவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் மேலாளர், "தமிழ்நாட்டில் வியட்நாம் கம்பெனி கார் தொழிற்சாலை திறந்திருக்கிறதே, உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கடல், மலை, விவேகானந்தர் பாறை என்று சொன்னேன். "அது சுற்றுலா. தொழில் என்ன?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. அப்பா இன்னும் ஒன்றரை ஏக்கர் விளையில் ரப்பர் ஷீட் அடிக்கிறார் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

நம் மாவட்டத்தில் வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கும் தகுதி எந்தத் தொழிலுக்கு இருக்கிறது? துறைமுகம் வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

கூச்சப்பட்டிருக்க வேண்டாம். உங்கள் மேலாளரின் கேள்விக்குச் சரியான பதிலே உங்கள் அப்பா அடிக்கும் ஷீட்தான். அவர் விற்கும் சரக்கைத்தான் நீங்கள் அங்கே வேறு உருவத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கார் தொழிற்சாலையை முதலில் முடித்துவிடலாம். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலைக்குக் கொடுத்த நிலம் 400 ஏக்கர். நம் மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்தான், அதிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு காடு. 2011 கணக்கெடுப்பில் நாம் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் நெருங்கி வாழ்கிறோம். பத்து சென்ட், இருபது சென்ட்டாகத் துண்டுபட்ட நிலம். 400 ஏக்கரை ஒரே இடத்தில் வளைக்க வேண்டுமென்றால் எத்தனை வீடு, எத்தனை குளம், எத்தனை கல்லறைத் தோட்டம் போகும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் நிலத்தை விழுங்கும் தொழில் எதையும் நான் நமக்கு ஆசைப்படவில்லை. கூட்டம் போட்டு யாராவது அப்படி வாக்குக் கொடுத்தால் நம்பவும் மாட்டேன்.

நான் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறேன். நம் மாவட்டத்தை விட்டு எதெல்லாம் பாதி வேலையோடு வெளியே போகிறது? அந்த மீதி வேலை இங்கேயே நடக்க என்ன தடை? அந்தத் தடையை வெளிப் பணமும் வெளித் தொழில்நுட்பமும் உடைக்க முடியும் என்றால் அங்கேதான் முதலீட்டுக்கு இடம் இருக்கிறது.

ரப்பரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 105 மரங்களுக்கு நடுவே பால் வெட்டப் போகிறவரை உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, அலுமினியத் தட்டுகளில் விட்டு, கொஞ்சம் ஆசிட் கலந்து வைத்தால் கட்டித் தயிர் மாதிரி உறைந்துவிடும். அதை மெஷினில் கொடுத்து, கொடியில் போட்டு, புகைப்புரையில் மூன்று நான்கு நாள் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் ஷீட் வந்துவிடுகிறது. என் மாமாவின் புகைப்புரைக் கூரை ஓடுகளை மாற்றப் போனபோது உள்ளே நின்ற பத்து நிமிடத்தில் சட்டையில் ஏறிய வாசனை மூன்று சலவைக்கும் போகவில்லை. சிறு வயதில் அதுதான் எனக்குப் பணத்தின் வாசனை. ஷீட் விற்ற அன்று வீட்டில் மீன் உண்டு.

அந்த ஷீட் கடைக்குப் போகிறது, கடையிலிருந்து லாரியில் போகிறது, எங்கோ டயராகிறது. 2023-24இல் இந்தியாவில் விளைந்த இயற்கை ரப்பர் சுமார் 8.5 லட்சம் டன். அந்த வருடத் தேவை 14 லட்சம் டன்னுக்கு மேல். மீதி இறக்குமதி. வாங்க ஆள் இல்லாத பண்டமில்லை இது. ஆனால் ஷீட்டாக விற்கிறவனுக்கு விலையில் எந்தப் பிடியும் கிடையாது. பாங்காக் விலை இறங்கினால் குலசேகரத்தில் அடுப்பு தணியும்.

2015 நவம்பரில் மத்திய அரசு ரப்பர் தோட்டங்களில் நூறு விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்தது. நம் விளைகளில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்றரை ஏக்கர் விளைக்குள் எந்த வெளிநாட்டுக் கம்பெனி வந்து மரம் நடப் போகிறது? பணம் வர வேண்டியது மரத்துக்கு அடுத்த கட்டத்தில்.

மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கட்டியாகிவிடும். அதைச் சுழற்றி, தண்ணீரைப் பிரித்து, அறுபது விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்கினால்தான் கையுறையும் ஆணுறையும் பலூனும் மருத்துவக் குழாயும் செய்ய முடியும். இதில் தூரம் ஒரு பெரிய விஷயம். சுழற்றும் ஆலை விளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பொருள் செய்யும் ஆலை அதற்குப் பக்கத்தில் இருந்தால் செலவு குறையும். குலசேகரம், திருவட்டாறு, அருமனை பகுதிகளுக்கு இயற்கையே கொடுத்த சாதகம் இது. இதை வேறு மாவட்டம் நினைத்தாலும் வாங்க முடியாது.

நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை 1969இல் ஆணுறை செய்ய ஆரம்பித்தது. தொழில்நுட்பம் ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்துடையது. பால் நம் மண்ணின் பால், வித்தை ஜப்பானின் வித்தை, வேலை உள்ளூர்க்காரர்களுக்கு. அரை நூற்றாண்டுக்கு முன்பே இரண்டு மணி நேரப் பயணத்தில் நடந்த காரியம்.

தடைகளையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவைதான். பரிசோதனைக் கையுறையில் பெரும்பகுதியை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பிடித்துவிட்டது. அந்தச் சந்தைக்கு நாம் ஓட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக் கையுறையில் இயற்கைப் பாலுக்கு இன்னும் இடமிருக்கிறது. அடுத்தது தண்ணீர். கையுறைக்கு அச்சாக இருக்கும் பீங்கான் கைகளை ஒவ்வொரு தொட்டியாக முக்கி எடுக்கும் தொழிலில் கழுவும் தண்ணீர் ஆறாக ஓடும். பால் ஆலைக் கழிவின் நாற்றம் என்னவென்று ஓடைக்கரையில் வீடு உள்ளவர்களைக் கேட்டால் தெரியும். கழிவைச் சுத்திகரிக்காமல் குழித்துறை ஆற்றில் விடும் கம்பெனி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் எனக்கு வேண்டாம். சுத்திகரிப்பில் முறையாகப் பணம் போடும் கம்பெனி என்றால் நானே வாசலில் நின்று வரவேற்பேன்.

ரப்பர் மரமும் இதே கதைதான். வயதான மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் அது பெரும்பாவூரில் போய் பிளைவுட் ஆகிறது. திரும்பி நம் ஊர்க் கடைக்கு அலமாரியாக வருகிறது. மறு நடவுக்கான செலவு மட்டும் நம்முடையது.

அண்டி ஆபீஸ் விஷயத்தை எழுத மனம் கனக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் முந்திரி ஆலைக்கு அதுதான் பெயர். என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸுக்குப் போனாள். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருக்கும். வேலைக்கு உட்காரும் முன் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் சித்தி வர மாட்டாள், கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள். அந்தக் கைகள் எடுத்த முழுப் பருப்புதான் டபிள்யூ 320 என்று பெட்டியில் அச்சாகி அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் போனது. ஒரு பவுண்டுக்குச் சுமார் 320 பருப்பு என்பது அதன் பொருள்.

இந்தத் தொழிலுக்குக் கொட்டையே ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. வியட்நாமும் அங்கிருந்துதான் வாங்குகிறது, ஆனால் இயந்திரத்தில் உடைக்கிறது. 2006இல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது, அதற்குப் பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. நம் பக்கம் பல ஆலைகள் பூட்டிக் கிடக்கின்றன. வெளிநாட்டுப் பணம் இங்கே வருமா என்றால் உடைக்கும் வேலைக்கு வராது, வரவும் வேண்டாம். ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு பிரேக் லைனிங், பெயின்ட், பிசின் எனப் பெரிய தேவை இருக்கிறது. வறுத்து, மசாலா சேர்த்து, சிறு பொட்டலமாகக் கடைக்குப் போகும் பருப்பிலும் லாபம் இருக்கிறது. அந்த இடத்தில் நல்ல இயந்திரமும் வெளிச்சந்தையும் கொண்டு வருகிறவர் வந்தால், சித்தியின் மகள் வயதுப் பெண்கள் கையைச் சேலைக்குள் மறைக்காமல் வேலை செய்யலாம்.

மீனைப் பற்றிக் கொஞ்சம். தூத்தூர்ப் பகுதி ஆட்களைப் போல ஆழ்கடலில் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. ஆனால் அவர்களுடைய படகுகள் பெரும்பாலும் கொச்சியில் கரை சேர்கின்றன. ஏலம் அங்கே, ஐஸ் அங்கே, பதப்படுத்தும் ஆலை அங்கே. சூரையைப் பிடித்த நிமிடத்திலிருந்து உள்ளே வரை குளிர வைத்தால் ஜப்பான்காரர் பச்சையாகச் சாப்பிடும் தரம் கிடைக்கும், தவறினால் டப்பா மீன் விலைதான். குளிர்ச்சங்கிலிக்கு வெளி முதலீடு வரத் தடையில்லை. அதற்கு முன்னால் அரசு செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து பல உயிர்கள் போயிருக்கின்றன. பத்திரமாக உள்ளே வர வழி இல்லாத இடத்தில் யார் கிடங்கு கட்டுவார்?

காற்றில் வெளிநாடு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றி 1990களில் எழுந்த காற்றாலைகளில் பலவற்றின் தொழில்நுட்பம் டென்மார்க்கிலிருந்து வந்தது. இன்று நல்ல காற்று அடிக்கும் இடத்தையெல்லாம் 250 கிலோவாட் அளவிலான பழைய ஆலைகள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 2, 3 மெகாவாட் ஆலைகளை நிறுத்த 2024இல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வெறும் தொகையாகக் கணக்குப் பார்த்தால் மாவட்டத்துக்குள் பெரிய வெளிப் பணம் சீக்கிரம் வரக்கூடிய இடம் இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு காற்றாலை நின்ற பிறகு அதற்கு ஒரு காவலாளியும் எப்போதாவது வரும் மெக்கானிக்கும் போதும். வேலை கேட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு இது பதிலாகாது.

இனி, நண்பர்கள் சொல்லும் துறைமுகம். 27,000 கோடிக்கு மேல் மதிப்பிட்டு 2016இல் நம் கடற்கரையில் இனயத்தில் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை மக்கள் எதிர்த்தார்கள். இடம் கன்னியாகுமரிப் பக்கம் மாறியது, அங்கும் எதிர்ப்பு. நான் அந்த மக்களோடுதான் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். அப்புறம் பாருங்கள், எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கேரளத்தில், விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது. பெரிய கப்பல்கள் அங்கே அணைகின்றன. அதன் அலைத்தடுப்புச் சுவருக்கு நம் மலைக் கல் லாரி லாரியாகப் போனது. கல்லைக் கொடுத்தாகிவிட்டது. நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அந்தத் துறைமுகத்துக்குக் கெட்டிப் பாலும் கையுறையும் மீனும் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். துறைமுகம் நம் மண்ணில் இல்லையே என்று வருந்துவதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

மணலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நம் கடற்கரைக்குத் தொழில் தேடி வந்த முக்கியமான வெளிநாட்டுப் பணங்களில் ஒன்று மணலுக்காக வந்தது. 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டார். அதிலிருந்த தோரியம் ஐரோப்பாவின் கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குப் போனது. முதல் உலகப் போர் வந்ததும் ஆங்கிலேயர் அவரைக் கைது செய்து தொழிலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மணல் போனது, கரை நம்மிடம் மிஞ்சியது. இன்று மோனசைட் அணுசக்திக் கனிமம், அதைத் தோண்டுவது அரசு நிறுவனத்தின் வேலை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தோண்டும் திட்டத்துக்கு 2024இல் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. அரிய மண் தாதுக்களுக்காக உலகமே அலைகிற நேரத்தில் யாராவது உங்களிடம் இதைப் பெரிய வாய்ப்பு என்று சொல்லக்கூடும். கரையை விற்று வரும் பணத்தை நான் முதலீடு என்று எண்ணுவதில்லை.

மார்த்தாண்டம் தேனுக்கும் மட்டிப் பழத்துக்கும் தோவாளைப் பூவுக்கும் வெளி முதலாளி தேவையில்லை, நல்ல விலைக்கு வாங்குகிறவர் போதும். ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. நம் தேனில் பெரும்பகுதி ரப்பர் துளிர் விடும் மாதங்களில் இலைக்காம்பில் ஊறும் இனிப்பிலிருந்து வருகிறது. உங்கள் அப்பாவின் விளையிலும் யாராவது பெட்டி வைத்திருப்பார்.

மேலாளர் மறுபடி கேட்டால் அப்பாவின் ஷீட்டைப் பற்றித் தயங்காமல் சொல்லுங்கள். நீங்களும் அவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். நடுத்தர அளவில் ஒரு அறுவைக் கையுறை வரிசை ஓட நாளுக்கு எத்தனை டன் கெட்டிப் பால் வேண்டும்? எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர்? ஐந்து ஏக்கரில் முடியுமா? கழிவு நீரில் எத்தனை பங்கைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்? சின்ன விளைக்காரர்கள் சேர்ந்து பாலாகவே கொடுத்தால் ஷீட்டை விட எவ்வளவு கூடுதல் விலை கட்டும்? நீங்கள் தினமும் நிற்கும் இடத்தில் இதற்கெல்லாம் கணக்கு இருக்கும். இங்கே குலசேகரம் பக்கத்து ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் பால் கணக்கை நான் வாங்கி வைக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது எழுதுங்கள், உங்கள் வீட்டுப் புகைப்புரைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்