எந்தக் கிழமை கொடுத்தாலும் விடுமுறையா?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன். சனி, ஞாயிறு என்றால் 'விடுமுறை' என்று காட்ட வேண்டும். நாள் === "சனி" || "ஞாயிறு" என்று நிபந்தனை எழுதினேன். புதன்கிழமையையும் விடுமுறை என்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எங்கே தவறு?

பதில்: 'அல்லது' என்னும் || குறியின் இரண்டு பக்கமும் தனித்தனியாகத்தான் மதிப்பிடப்படும். இடப்பக்கம் இருக்கும் 'நாள் ===' என்பது வலப்பக்கத்துக்குத் தானாக வந்து சேராது. உங்கள் வரியில் வலப்பக்கம் நிற்பது வெறும் "ஞாயிறு" என்ற சரம் (மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்). காலியாக இல்லாத எந்தச் சரமும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'உண்மை'தான். அதனால் புதன், வியாழன் எது வந்தாலும் விடுமுறை! விதிப்படி இது சரியான வரி என்பதால் பிழைச் செய்தியும் வராது. இப்படி எழுதுங்கள்:

நாள் === "சனி" || நாள் === "ஞாயிறு"

சரி, அடுத்து வேலை நாளைக் கண்டுபிடிக்கப் போவீர்கள். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 'சமம்' என்னும் === இருந்த இடத்தில் 'சமமில்லை' என்னும் !== போட்டுவிட்டு, நடுவில் || குறியை அப்படியே விட்டுவிடுவார்கள்:

நாள் !== "சனி" || நாள் !== "ஞாயிறு"

சனிக்கிழமையை வைத்துப் பாருங்கள். அது சனி என்பதால் இடப்பக்கம் பொய். ஞாயிறு இல்லை என்பதால் வலப்பக்கம் உண்மை. ஆக, சனியும் வேலை நாளாகிவிடும். ஒரு நிபந்தனையை எதிர்மறையாக்கினால் நடுவிலுள்ள || குறியும், 'இரண்டும் உண்மையாக வேண்டும்' என்னும் && ஆக மாற வேண்டும். இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். தலை சுற்றுகிறதா? முதல் நிபந்தனையை முழுதாக அடைப்புக்குள் வைத்து முன்னால் 'இல்லை' என்னும் ! குறியைப் போடுங்கள்:

!(நாள் === "சனி" || நாள் === "ஞாயிறு")

அடைப்பை மறந்தால் ! குறி 'நாள்' என்பதோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். எதை முதலில் கணக்கிடுவது என்ற முன்னுரிமையில் முதலில் !, பிறகு &&, கடைசியில்தான் ||. எனவே 'உறுப்பினரோ முதியவரோ, சீட்டு இருந்தால்தான் அனுமதி' என்று நினைத்து உறுப்பினர் || முதியவர் && சீட்டு என்று எழுதினால், சீட்டு இல்லாத உறுப்பினரும் உள்ளே வந்துவிடுவார். இரண்டையும் கலக்கும் இடத்தில் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். வரிசையை மனப்பாடம் செய்வதெல்லாம் வீண் வேலை.

அப்புறம், && குறியின் இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தை நிரல் தொடவே தொடாது. பயனர் && பயனர்.வயது > 18 என்பது அந்த நம்பிக்கையில் எழுதப்படுவதுதான். பயனர் பற்றிய தகவலே இல்லாதபோது இது சத்தமில்லாமல் நின்றுவிடும். இரண்டையும் இடம் மாற்றினால் நிரல் பிழை காட்டி முறிந்துவிடும்.