பயணத்தில் எடுத்த படங்களில் எதன் பின்னால் சொல்லத் தகுந்த கதை இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை, தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடைப் பக்கத்து உப்பளம் ஒன்றில் 2023 ஏப்ரலில் எடுத்த இரண்டு படங்கள். முதல் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவதை எவரும் பெரிதாகக் கவனித்ததில்லை.

உப்பு உற்பத்தியில் தமிழ்நாடு முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக இருப்பதற்குத் தூத்துக்குடி மாவட்டமே முதன்மைக் காரணம். இங்குள்ள பல அளங்களில் நிலத்தடி உவர்நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து, தெப்பம் எனப்படும் தேக்கத்தில் நிரப்பி, வெயிலில் அடர்த்தி ஏற்றிப் பாத்திகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். நீரின் அடர்த்தி உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே, ஆண்டின் தொடக்கத்தில், பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கியாக வேண்டும். தரை இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வந்துவிடும். கடையில் வாங்கும் உப்பின் வெண்மைக்கு அடியில் இத்தனை பேருடைய கால்கள் இருக்கின்றன என்பதை அங்கே போகும்வரை நான் அறிந்திருக்கவில்லை.

நான் சென்ற அளத்தில் விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆண்கள் வாருபலகையால் உப்பை வரப்போரம் ஒதுக்க, பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில், அதாவது உப்புக் குவியலில், கொட்டினார்கள். கதிர் எழுந்த நேரத்தில், கூடையோடு வரப்பில் நடந்துவந்த ஒரு பெண்ணைச் சூரியனுக்கு எதிரே வைத்து எடுத்தேன். பாத்தி நீர் முழுவதும் செம்பொன் நிறமாக இருந்தது. நடுவே கரிய நிழலுருவாக அவர் நின்றார். கேமராவின் திரையில் அதைக் காட்டியபோது, அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல எம்மூஞ்சி எங்க தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் குறை சொல்லும் தொனி இல்லை, உண்மையாகவே தேடினார். என்னிடம் பதில் இல்லாததால் மறுநாளும் போனேன்.

உப்பளத்தில் முகத்தைப் படமெடுப்பது எளிதன்று. கேமராவின் ஒளிமானி, தனக்கு முன்னால் உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுகிறது. ஆகவே, கண்ணைப் பறிக்கும் வெண்மையைக் கண்டதும் ஒளியைக் குறைத்துவிடும். உப்பு சாம்பலாகும், வெயிலில் கருத்த முகம் இன்னும் இருளும். முகத்துக்கென ஒளியைக் கூட்டினால், உப்பின் பரல்கள் எல்லாம் மறைந்து பின்னணி வெறும் வெள்ளையாகிவிடும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதை எடுப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். முந்தைய நாள் நான் முகத்தை விட்டுக்கொடுத்திருந்தேன். இம்முறை அவரை அம்பாரத்தின் முன் நிற்கச் சொல்லி, முகத்துக்கு அளவெடுத்து, உப்பை விட்டுவிட்டேன். தரையில் கிடந்த உப்பே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பியதால், புருவத்துக்கும் சேலை முக்காட்டுக்கும் அடியில் நிழல் விழவில்லை. கண்களைச் சுற்றியிருந்த சுருக்கங்கள்கூடத் தெளிவாகப் பதிந்தன. அந்தச் சுருக்கங்கள் எப்படி வந்தன என்பதையும் அவரே சொன்னார். எனக்கு உதவிய அதே எதிரொளிதான், இருபத்தைந்து ஆண்டுகளாக அவருடைய கண்களைக் கூசவைத்து எரித்துக்கொண்டிருக்கிறது. இருட்டிலேயே வேலைக்கு இறங்குவது அதற்குப் பயந்துதான் என்றார். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் என்னவென்று கேட்டேன். சுமையோடு நடக்கும்போது வியர்வையில் அது வழுக்கி விழுந்துவிடும் என்றார்.

நவம்பரில் இரண்டு படங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மீண்டும் போனேன். மழையில் பாத்திகளும் வரப்புகளும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தன. அம்பாரங்களை ஓலையால் மூடியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் நானும், வேலையில்லாத அந்த மாதங்களுக்கென அரசு அப்போது தந்துவந்த 5,000 ரூபாய் நிவாரணத்தைப் பற்றியும், அது கடைக் கடனுக்கே சரியாகிவிடுவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். நிழலுருவப் படத்தை வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். மற்றொன்றை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தபின், "இதுல மூஞ்சிய மட்டும் சின்னதா நாலு போட்டுத் தருவீங்களா தம்பி? தொழிலாளர் நலவாரிய அட்டை புதுக்கணும்" என்றார்.

மறுநாள் காலையில் ஊருக்குள் இருந்த ஸ்டூடியோவில் கொடுத்தேன். அட்டைக்கான படம் என்றால் பின்னணியை வெள்ளையாக மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்தவர், இதில் ஏற்கெனவே வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று சொல்லி, அப்படியே நான்கு பிரதிகள் போட்டுக் கொடுத்தார்.