கீற வராத பிள்ளை நகரத் திட்டமிடல் படிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. உயர்தரத்தில் புவியியல் படித்த மகள் நகரத் திட்டமிடலுக்குப் போக ஆசைப்படுகிறாள். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சித்திரம் கீற வராது. அடுத்தது, இதைப் படித்து முடித்தால் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை உண்டா என்பது.

வீட்டுப் படம் கட்டடக் கலைஞரும் படவரைஞரும் பார்க்கிற வேலை. நகரத் திட்டமிடலாளர் ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது, இனி எதற்குப் பயன்பட வேண்டும் என்று யோசிப்பவர். அதைப் பிறருக்குச் சொல்லத்தான் அவருக்குப் படம் வேண்டும். அதில் அழகை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவருக்கு விளங்குகிறதா, கீறியது நிலத்தில் உள்ளபடி இருக்கிறதா, இவைதான் கேள்வி.

ஒரு கணக்குச் சொல்கிறேன், மகளையும் கூட இருந்து கேட்கச் சொல்லுங்கள். நம் யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு காணி என்றால் 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 16 மீற்றர் வரும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில், அதாவது நிலத்தின் நீளம் 50,000இல் ஒரு பங்காகச் சுருங்கிய படத்தில், அந்தக் காணியின் பக்கம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு புள்ளி. 1:10,000 படத்தில் ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 1:500 படத்தில்தான் அது மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்து, கிணறும் மதிலும் கேற்றும் காட்டக்கூடிய அளவுக்கு வரும். குடாநாடு முழுவதும் தோட்ட நிலம் எங்கே இருக்கிறது என்று பேசும்போது முதலாவது படம் போதும். ஓர் ஒழுங்கையை அகலமாக்கினால் யாருடைய வேலி பின்னுக்குப் போகும் என்று பேச மூன்றாவது படம் இல்லாமல் முடியாது. யாரோடு எதைப் பேசப் போகிறோம் என்று பார்த்து அளவுத்திட்டத்தைத் தெரிவு செய்வதுதான் இந்தத் தொழிலின் முதல் திறமை.

இரண்டாவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தெரிவு. யாழ்ப்பாணத்தை விடப் பொருத்தமான உதாரணம் இதற்குக் கிடைக்காது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம் என்பதால், மேலே விடுவது கீழே விரைவாக இறங்கிவிடும். மலசலகூடக் குழிகளும் தோட்டத்துக்குப் போடும் உரமும் கிணற்று நீரில் நைத்திரேற்று என்ற உப்பைக் கூட்டுவது பல ஆய்வுகளில் தெரியவந்த விடயம். இப்போது வீடுகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று ஒரு படம், கிணறுகள் எங்கே என்று ஒரு படம், செம்மண் தோட்டங்கள் எங்கே என்று ஒரு படம், குளங்களும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும் எங்கே என்று இன்னொரு படம். தனித்தனியே பார்த்தால் நான்கும் சாதாரணத் தகவல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் இனி நெருக்கமாக வீடு கட்ட விடக்கூடாது, எந்த வாய்க்காலை மூடினால் அடுத்த மாரிக்கு எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். பக்கம் பக்கமாக எழுதும் அறிக்கை இதை இவ்வளவு சுருக்காகச் சொல்லாது. இந்த அடுக்குகளைப் பிணைப்பது இன்று கணினிதான். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். மகள் இன்றைக்கே இறக்கிப் பழகலாம். எந்த அடுக்கை எதன் மேல் வைப்பது என்ற யோசனைதான் அவளிடமிருந்து வர வேண்டும்.

படத்தில் எதற்கு எந்த நிறம் என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவான வழக்கம் இது: குடியிருப்பு மஞ்சள், வணிகம் சிவப்பு, தொழிற்சாலை ஊதா, பாடசாலை, வைத்தியசாலை போன்ற பொது நிறுவனங்கள் நீலம், திறந்த வெளி பச்சை. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், அதனால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிவிளக்கம் இல்லாத படம் படமே அல்ல. ஆனால் நிறத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது கோடு. 1:10,000 படத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு வலய எல்லை கீறினால், அந்தக் கோடே நிலத்தில் 5 மீற்றரை மூடிவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கடை கட்டலாம், அந்தப் பக்கம் கட்ட முடியாது என்றால் அந்த 5 மீற்றர் ஒரு குடும்பத்தின் சீவியம். வீதியின் நடுக்கோடா, வாய்க்கால் கரையா, காணி எல்லையா, கோடு எதைப் பின்பற்றுகிறது என்று எழுத்திலும் தெளிவாக வைக்க வேண்டும். இதில் பொறுப்பில்லாத ஒருவர் எத்தனை அழகாகக் கீறினாலும் இந்த வேலைக்குச் சரிவர மாட்டார்.

அப்புறம் மக்கள். திட்ட வரைபைச் சுவரில் மாட்டினால், வருபவர்கள் முதலில் தேடுவது தங்கள் வீட்டை. வலயத்தின் பெயரை யாரும் தேடமாட்டார்கள். பரமேஸ்வராச் சந்தி, தட்டாதெருச் சந்தி, கோயில், பாடசாலை என்று தெரிந்த இடங்கள் படத்தில் இருந்தால்தான் அவர்கள் விரலை வைத்து "இதிலை ஒரு கேணி இருக்குது, நீங்கள் போடேல்லை" என்று சொல்வார்கள். அந்த ஒரு வசனம் வருவதற்காகவே படம் கீற வேண்டும் என்று நான் நம்புகிறேன். மேலிருந்து பார்க்கும் படம் பிடிபடாதவர்களுக்கு வீதியின் வெட்டுமுகம், அதாவது வீதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற படம், காட்டலாம்: நடைபாதை இவ்வளவு, வடிகால் இவ்வளவு, மரம் இங்கே, பஸ் இங்கே என்று. இதைக் கோடும் பெட்டியுமாகக் கீறினாலே போதும். 1915 அளவில் மதுரை, தஞ்சாவூர் போன்ற தமிழ்நாட்டு நகரங்களுக்கும் பிறகு 1921இல் கொழும்புக்கும் திட்டம் தந்த ஸ்கொட்லாந்துத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் (Patrick Geddes), முதலில் கள ஆய்வு, பிறகுதான் திட்டம் என்று வற்புறுத்தியவர். மகள் அவரைப் பற்றி வாசிக்கட்டும்.

சரி, படிப்பும் வேலையும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடலில் நான்கு ஆண்டுப் பட்டம் இருக்கிறது, கற்கை ஆங்கிலத்தில். கணிதப் பிரிவுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பாடத் தகுதியை அந்தந்த ஆண்டுக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள், ரியூற்றரியில் கேட்டதை நம்ப வேண்டாம். அது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, புவியியல் தகவல் முறைமையில் (மேலே சொன்ன, கணினியில் பட அடுக்குகளைப் பிணைக்கும் வேலை) ஆழமாக இறங்கி, பின்னர் திட்டமிடலில் பட்டமேற்படிப்புக்குப் போகலாம். இந்த வழியையும் நான் மனதாரப் பரிந்துரைப்பேன். வேலை என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம், காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களம், உள்ளூராட்சி சபைகள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள். அரச நியமனம் ஆறுதலாகத்தான் வரும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்த வேண்டும். ஆனால் படத்தையும் தரவையும் சேர்த்துக் கையாளத் தெரிந்தவருக்கு இடைப்பட்ட காலத்தில் வேலை தேடுவது சிரமமாக இராது. ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும். முதலாம் ஆண்டில் நம் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்துவது அதுதான், கீறுவது அல்ல.

விண்ணப்பத்துக்கு முன் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் ஒழுங்கையின் இரண்டு தொங்கலுக்கும் நடந்து, ஒவ்வொரு காணியும் வீடா, கடையா, தோட்டமா, பற்றையா என்று குறித்து, கிணறுகளையும் வெள்ளம் நிற்கும் இடங்களையும் போட்டு, ஒரு ஏ4 தாளில் அளவோடு கீறட்டும். பிறகு அதைப் பக்கத்து வளவு ஆச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டட்டும். ஆச்சி தன் வீட்டை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறா, எதைத் திருத்தச் சொல்கிறா, அந்தத் திருத்தத்தைக் கேட்டு மகள் முகம் சுளிக்கிறாளா, இல்லை உடனே பென்சிலை எடுக்கிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். படத்தையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த கடிதத்தில் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.