அறுபதைத் தாண்டிய கோல்ஃப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வயதைப் பற்றியவைதான். கேட்ட விதம் வேறுவேறாக இருந்தாலும் ஆட்டம் கையைவிட்டுப் போகிறதோ என்ற கவலை எல்லாவற்றிலும் தெரிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது முதலில் பறிப்பது தூரத்தைத்தான். கிரீனை (ஹோல் இருக்கும் புல்தரை) சுற்றி ஐம்பது யார்டுக்குள் ஆடுகிற ஆட்டத்தை அது நெடுநாள் தொடுவதில்லை. ஆனால் நம் ஆட்கள் கவலைப்படுவதும் பணம் செலவழிப்பதும் பயிற்சி நேரத்தைக் கொட்டுவதும் போன தூரத்துக்காகத்தான்.

வயது 63. சில வருஷங்களுக்கு முன்பு டிரைவரில் (முதல் அடிக்கான நீளமான கிளப்) 220 யார்டு அடித்தேன், இப்போது 190 தாண்டவில்லை. பலமாக அடித்தால் பந்து வலது பக்கம் மரங்களுக்குள் போய்விடுகிறது. என்ன செய்வது?

பலமாக அடிப்பதை இன்றோடு விடுங்கள். தசையில் மெதுவாக இயங்கும் இழைகளும் வேகமாக இயங்கும் இழைகளும் உண்டு. வயதாகும்போது அதிகம் சுருங்குவது வேக இழைகள். கிளப்பைச் சுழற்றும் ஸ்விங் வேகம் அவற்றிலிருந்துதான் வருகிறது. கூடவே இடுப்பும் மேல்முதுகும் இறுகிவிடுவதால் பின்னால் திரும்புவது குறைகிறது. உடம்பு திரும்பாத குறையைக் கைகள் ஈடுகட்டப் பார்க்கும், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், பந்து வலது பக்கம் வளையும். ஆக, தூரம் போனதும் பந்து மரத்துக்குள் போவதும் உங்களுக்கு ஒரே கோளாறுதான்.

நிற்கும்போது இரண்டு பாதங்களையும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், வலது பாதத்தை இன்னும் கூடுதலாக. (வலது கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன்.) இடுப்பு திரும்ப இடம் கிடைக்கும். பின்னால் போகும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும். குதிகாலை அசைக்கவே கூடாது என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடலாம். ஜாக் நிக்லஸ் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார், 1986இல் தன் 46ஆவது வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். தலையும் வலது பக்கம் கொஞ்சம் திரும்பலாம், தப்பில்லை.

அடுத்து கிளப்புகள். முகம் 9 டிகிரி சாய்ந்த டிரைவர் வைத்திருந்தால் பத்தரையோ பன்னிரண்டோ எடுத்து அடித்துப் பாருங்கள். வேகம் குறைந்தவருக்கு உயரம் வேண்டும், உயரம் இருந்தால்தான் பந்து காற்றில் நிற்கும். எடை குறைந்த கிராஃபைட் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு), ரெகுலரோ அதைவிட வளையும் சீனியரோ, அடித்துப் பார்த்து எது நேராகப் போகிறதோ அது. 3, 4 அயர்ன்களைப் பையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடிக்கச் சுலபமான ஹைப்ரிடும் 7 வுட்டும் வையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ரப்பர் பேண்டை இழுப்பது, அளவான எடை தூக்குவது. எழுபதிலும் தசை இதற்குப் பதில் சொல்லும், இது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். போன 30 யார்டும் திரும்பி வராது. அதில் ஒரு பகுதி வரும், நேராகவும் போகும்.

முன்னால் இருக்கும் டீயிலிருந்து (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) ஆடலாமா என்று நினைக்கிறேன், ஆனால் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

ஆடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் நன்றாக ஆடிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் இந்தக் கிண்டலுக்குப் பயந்தே ஆட்டத்தை வெறுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 யார்டு பார் 4இல் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) நீங்கள் 190 அடித்தால் மீதி 210. பையில் இருக்கும் எந்த கிளப்பாலும் உங்களால் கிரீனுக்குப் போக முடியாது. நாள் முழுக்க இப்படி என்றால் பார் 4 எல்லாம் உங்களுக்குப் பார் 5. அதே ஹோல் 330 யார்டு என்றால் மீதி 140, ஒரு ஹைப்ரிடிலோ 5 அயர்னிலோ முடிகிற வேலை. இரண்டாவது அடியில் கொடியைக் குறி வைக்க முடிந்தால்தான் அது கோல்ஃப்.

எந்த டீ என்று முடிவு செய்ய ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: உங்கள் 5 அயர்ன் தூரத்தை 36ஆல் பெருக்குங்கள். 140 யார்டு என்றால் 5,040. மைதானத்தின் மொத்த நீளம் எந்த டீயிலிருந்து அதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதுதான் உங்களுடையது. அமெரிக்காவில் கோல்ஃப் அமைப்புகளான பிஜிஏவும் யுஎஸ்ஜிஏவும் 2011இலேயே சேர்ந்து 'முன்னால் வந்து ஆடுங்கள்' என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள்.

முன்னால் இருக்கும் சிவப்பு டீயைப் பெண்கள் டீ என்று சொல்வது வெறும் பழக்கம், கோல்ஃப் விதிகளில் அப்படி எதுவும் இல்லை. பந்தயம் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொன்னால் அதற்கும் பதில் உண்டு. ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமைக்கேற்பத் தரும் சலுகை அடிகள்; 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் தனி மதிப்பீடு இருக்கிறது. முன் டீயில் ஆடினால் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக்குகளும் குறையும். அவர்கள் பின்னால் இருக்கும் வெள்ளையிலிருந்து, நீங்கள் சிவப்பிலிருந்து, ஒரே குழுவாக நியாயமாக ஆடலாம்.

புரோகிரசிவ் கண்ணாடி போட்டதிலிருந்து பந்து சரியாகவே அடிபடுவதில்லை.

கண்ணாடிதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. பந்தோ உங்கள் கண்ணிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்தில் கிடக்கிறது. குனிந்து பார்க்கும்போது படிக்கும் பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள், பந்து மங்கலாகத் தெரிகிறது, அதைத் தவிர்க்க முகவாயை நெஞ்சோடு அழுத்துகிறீர்கள், தோள் திரும்பும் வழி அடைபட்டுப் போகிறது. தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரண கண்ணாடி ஒன்றைக் கோல்ஃபுக்கென்றே தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஸ்கோர் எழுதுவது கொஞ்சம் சிரமம், எழுதுவதை நண்பரிடம் விடுங்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், லென்ஸ் தேர்ந்தெடுக்கும் முன்பே கோல்ஃப் ஆடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

68 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை. நடந்தே 18 ஹோல் ஆடலாமா? 13, 14ஆவது ஹோலில் ஆட்டம் திடீரென்று சரிந்துவிடுகிறது.

நடப்பது நல்லது. சுவீடனில் சுமார் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. அதே வயது, அதே வசதியுள்ள மற்றவர்களைவிட ஆட்டக்காரர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு என்றது. கோல்ஃபால் மட்டுமே அது என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆரோக்கியமானவர்கள்தானே ஆட வருகிறார்கள். ஆனாலும் ஒரு ரவுண்டில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறோமே, அது சும்மா போகாது.

உங்கள் 13ஆவது ஹோல் விஷயத்தை நான் ஸ்விங் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. காலையில் மாத்திரை போட்டு, அரைகுறையாகச் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் வெயிலில் நடந்தால் சர்க்கரை இறங்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். கை நடுக்கம், வியர்வை, கவனம் சிதறுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். இரண்டு மூன்று ரவுண்டுகளில் 6, 12ஆவது ஹோல்களில் குளூக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள், அப்புறம் அந்தத் தாளோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். பையில் எப்போதும் குளூக்கோஸ் இருக்கட்டும், அது இருக்கிற இடம் பை தூக்கி வரும் கேடிக்கும் தெரியட்டும்.

ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரை அதிகம் போக்கும் வகை என்றால் சென்னை வெயிலில் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும். ஹோலிலிருந்து பந்தை எடுத்து நிமிரும்போது தலை சுற்றினால் அலட்சியம் வேண்டாம். தண்ணீரை ஒவ்வொரு டீயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. திரும்பவும் ஆட முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் எப்போது என்பதை உங்கள் அறுவை சிகிச்சை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் 2008 அக்டோபரில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டார். மறு வருஷம் ஜூலையில், 59 வயதில், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் கடைசி ஹோலில் பார் போட்டிருந்தால் கோப்பை அவருடையது. போகி (பாரைவிட ஒரு அடி கூடுதல்) ஆகி, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார். மூட்டு மாற்றியவர் அந்த உயரத்துக்குப் போனார் என்பதே எனக்கு இன்றும் தெம்பு தருகிறது.

அனுமதி கிடைத்ததும் வரிசையாகப் போங்கள்: முதலில் பட்டிங் (கிரீனில் பந்தை உருட்டுவது), பிறகு சிப்பிங் (கிரீன் பக்கத்திலிருந்து குட்டையாக அடிப்பது), பாதி ஸ்விங்கில் வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் குட்டைக் கிளப்), குட்டை அயர்ன்கள், டிரைவர் கடைசியில். வலது கைக்காரருக்கு அடித்து முடிக்கும் முறுக்கு முழுக்க இடது முழங்காலில்தான் விழுகிறது, அதனால் இடது பாதத்தை இலக்கு பக்கம் கூடுதலாகத் திருப்பி நில்லுங்கள். பிடிப்பு அதிகமான ஸ்பைக் ஷூ வேண்டாம். முதல் சில மாதம் நடக்காமல் பக்கி வண்டி எடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மேடு பள்ளமான மைதானங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; இறக்கத்தில்தான் முழங்காலுக்குச் சுமை அதிகம்.

மூன்று அடி தூரப் பட்டில் கை துள்ளுகிறது. வயதாலா, பயத்தாலா?

இரண்டாலும் வரலாம். ஆட்டக்காரர்கள் இதை யிப்ஸ் என்பார்கள். பல வருஷம் ஒரே அசைவைச் செய்த நரம்புகளில் வரும் கோளாறு சிலருக்கு, பதற்றம் சிலருக்கு, நிறையப் பேருக்கு இரண்டும் கலந்து. கை பழகிய அசைவை மாற்றிவிடுவதுதான் பலருக்கும் கைகொடுக்கிறது. இடது கையைக் கீழே வைத்துப் பிடியுங்கள், பருமனான கிரிப் போடுங்கள், அல்லது நீளமான பட்டருக்கு மாறுங்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இந்த நோயில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை விழுந்து எழுந்தவர். 2023இல் 65 வயதில் யுஎஸ் சீனியர் ஓபன் வென்றார், அமெரிக்க சீனியர் டூரில் அது அவருடைய 46ஆவது வெற்றி, சாதனை. 2016 முதல் பட்டரை உடம்பில் ஊன்றி ஆடத் தடை. நீள பட்டருக்குத் தடை இல்லை. அமெரிக்காவின் சாம் ஸ்னீடு பக்கவாட்டில் நின்று ஹோலைப் பார்த்தபடியே பட் செய்தார். 1979இல் 67 வயதில் பிஜிஏ டூர் போட்டி ஒன்றில் ஒரு ரவுண்டை 67 அடியிலும் இன்னொன்றை 66 அடியிலும் முடித்தார். பார்க்க எப்படி இருக்கிறது என்று கவலைப்படாமல் முயன்று பாருங்கள்.

வயதானவர்களுக்கு மென்மையான பந்து தூரம் தருமா?

அடிக்கும்போது கைக்கு இதமாக இருக்கும், தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஒரே பந்தை மாற்றாமல் ஆடுங்கள், பட்டிங்கில் பலன் தெரியும்.

அப்பாவுக்கு 78 வயது. நாற்பது வருஷமாக ஆடியவர். கூட ஆடிய நால்வரில் இருவர் இப்போது இல்லை. ஒரு ரவுண்டுக்கு 110 அடிக்கு மேல் எடுத்துவிட்டு மனம் வெறுத்து வருகிறார், விட்டுவிடப்போகிறேன் என்கிறார். என்ன சொல்வது?

எதுவும் சொல்லாதீர்கள் அம்மா, ஒரு நாள் நீங்கள் கூடப் போங்கள். அவர் இழந்தது ஸ்கோரை மட்டுமல்ல, வாரம் தவறாமல் பார்த்த முகங்களையும்தான். அதற்கு ஸ்விங் பாடத்தில் மருந்து கிடையாது. மைதானத்தில் அவருக்குப் பழகிய கேடி யாராவது இருந்தால் அவரிடம் பேசி, காலையில் 9 ஹோல் ஆடும் மூத்தவர்கள் குழு எது என்று கேளுங்கள், அநேகமாக இருக்கும். 9 ஹோல் ஆடினால் களைப்பு வருவதற்கு முன் ஆட்டம் முடிந்துவிடும். ஹேண்டிகேப் கணக்கிலும் அது சேரும்.

110 என்கிறாரே, அது எந்த டீயிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது வருஷமாக ஒரே டீ என்றால் முதல் வேலை முன் டீ. ஸ்ட்ரோக் எண்ணுவதற்குப் பதில், ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு ஆடச் சொல்லுங்கள்: ஒரு ஹோலில் பத்து அடித்தாலும் அங்கே பூஜ்யம் வாங்கிக்கொண்டு பந்தை எடுத்துவிடலாம், அடுத்த ஹோல் புதிதாகத் தொடங்கும். உங்களுக்கு ஆடத் தெரியாது என்றால் ஒரு பட்டரும் ஒரு வெட்ஜும் போதும், கிரீன் பக்கத்தில் அவரையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் விட்டுவிடுகிறேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், நாற்பது வருஷம் ஆடியவருக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமை இருக்கிறது. உறுப்பினர் சந்தாவை மட்டும் உடனே ரத்து செய்துவிடாதீர்கள், ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்கள்.